கீழ்நோக்கி எரியும் தீ

மட்டக்குளியில் குளிருக்கு நெருப்பு மூட்டுபவர் எவருமில்லை.
எனக்கு வேண்டியது வெந்நீர்.
நாலு விருந்தினர் விடுதி, ஒரு பல் வைத்தியசாலை,
நாளுக்கு நூற்றிருபது வெள்ளை விரிப்பு.

நுவரெலியாவில் பூட்டிப்போட்ட ஹோட்டல் ஒன்றிலிருந்து
இரும்பு விலைக்கு வாங்கிய பொயிலர் இது.
லொறியால் இறக்க ஆறு பேர்.
மதிலில் ஒரு துண்டு இடிக்க வேண்டி வந்தது.
கதவில் ஜெர்மன் எழுத்து;
அதற்குக் கீழே யாரோ ஆணியால் கீறிய சிங்களம்:
ஈர விறகு போடாதே, மடையா.
அதைவிட நல்ல கைநூல் எனக்குக் கிடைக்கவில்லை.

விறகு விமலசிறியுடையது. அவிசாவளை றப்பர்.
காய்ந்தது என்பான், சத்தியமும் செய்வான்.
இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவேன்.
டொக் என்றால் ஈரம். டங் என்றால் காசு.
இந்த ஊர்க் காற்றே பிழியாத துணி;
தகரத்துக்குக் கீழே பதினொரு மாதம்
அடுக்கி வைத்ததைத்தான் இன்று தொடுகிறேன்.

ஐந்து மணிக்கே மெஷின் ஓடத் தொடங்கிவிடும்,
நேற்றைய சூட்டில்.
மூட்டுவது எட்டேகாலுக்கு.
மேல்வழித் தகட்டை இழுத்துத் திறக்கிறேன்.
பொச்சு, சிராய், பேப்பரின் மரண அறிவித்தல் பக்கம்,
ஒரு குச்சி.
முதல் கால்மணி நேரம் இதுவும் மற்றத் தீயைப் போலத்தான்:
புகை, கண்ணெரிச்சல்,
மாடியில் ஃபரீனாவின் யன்னல் அடித்துச் சாத்தும் ஓசை.
மாநகரசபைக்கு அவள் எழுதிய கடிதத்தின் பிரதி
என்னிடமும் இருக்கிறது. எழுத்து அழகு.

தணல் ஒரு சாண் ஆனதும்
தகட்டைத் தள்ளி மூடுகிறேன். ஊதி உறுமுகிறது.
மேலே போக வழியற்ற புகை
விறகுக்குள்ளேயே புரண்டு
அடிக்கல்லின் விரலகலப் பிளவால்
தலைகீழாக இறங்கி
அங்கே புதுக்காற்றைச் சந்தித்து
தானே தீயாகிறது.
கண்ணாடித் துளையால் பார்க்கலாம்:
நீலமா மஞ்சளா என்று சொல்லமுடியாத நாக்கு
தரையை நக்குகிறது.
வெளியே, புகைபோக்கி வாயில்
காற்று நடுங்குவது மட்டும்.

இதற்கு மெல்ல எரியத் தெரியாது.
அடக்கி வைத்தால் உள்ளே தார் கட்டும்,
கதவு பிசினாய் ஒட்டும்.
முழுதாய் எரி, பிறகு அணை.
மிச்சம் பிடிப்பது தாங்கியின் வேலை:
பஞ்சு சுற்றிய ஆயிரத்தைந்நூறு லீற்றர்.
மேல் மானியில் எண்பத்திரண்டு, நடுவில் ஐம்பது,
அடியில் வெறும் குழாய்த்தண்ணீர்.
பாய்க்கு மேல் பாய் போல
ஒரே நீர், கலக்காமல், ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும்.
அவசரப்பட்டுப் பம்பைக் கூட்டினால்
எல்லாம் குழம்பி வெதுவெதுப்பு.
வெதுவெதுப்பில் கறை போகாது.

போன செவ்வாய், எரிப்புப் பாதியில், கரண்ட் போனது.
ஊதி நின்றது. பம்ப் நின்றது.
முள் மட்டும் ஏறியது: தொண்ணூறு, தொண்ணூற்றுநாலு.
கை நடுங்க அவசரக் குழாயைத் திருகினேன்.
பச்சைத்தண்ணீர் சுருளுக்குள் ஓடி
ஆவி பறக்க ஒழுங்கையில் விழுந்தது.
வாளிகள் வந்தன. மீன்வண்டி ரூபன், பெட்டி கழுவ.
மூன்றாம் வீட்டுப் பிள்ளைப்பெற்றவளின் மாமி.
கடைசியாக, இரண்டு வாளியோடு, ஃபரீனா.

"முழங்கால் நோ," என்றாள்.
நிரம்பும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிறகு, "புகை புகைதான், சொல்லிப்போட்டேன்."
"ஓம்," என்றேன்.
படிவரைக்கும் ஒரு வாளியை நான் தூக்கினேன்.

கடிதத்தை அவள் திருப்பி வாங்கவில்லை.
வியாழக்கிழமை பரிசோதகர் வருகிறார்.
ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.